இரு முனையும் திறந்திருந்த கம்பி

எங்கள் பழைய இலாகாவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் இளம் பொறியாளர் ஒருவர் சென்ற மாதம் என்னைத் தேடிவந்தார். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் மிச்சமிருக்கும் மேல்கம்பிகளை அவிழ்த்துவிட்டுப் பூமிக்கடியில் கேபிள் புதைக்கப் போகிறார்களாம். புதியவர்களுக்கு அவர் பாடம் நடத்த வேண்டுமாம். அதற்காக நான் ஏதாவது எழுதிக்கொடுக்க வேண்டும் என்றார். பாடத்தின் முதல் படத்தையும் காட்டினார். செய்தி பிறக்கும் இடம், அனுப்பும் கருவி, ஊடகம், வாங்கும் கருவி, செய்தி சேரும் இடம் என்று வரிசையாகப் பெட்டிகள். நடுப்பெட்டியின் தலையில் மட்டும் மேலேயிருந்து ஓர் அம்பு இறங்கியது. அதன் வால் எதையும் தொடவில்லை. பக்கத்தில் ‘இரைச்சல்’ என்று எழுதியிருந்தது.

“இது எங்கேருந்து வருது?” என்று கேட்டேன்.

“வெளியிலேருந்து சார்.”

என் உத்தியோக காலத்தில் பெரும்பகுதி அந்த அம்புக்குள்தான் கழிந்தது. அதில் ஒரு சம்பவத்தை எழுதுகிறேன். இதை 1945இல் நடந்ததாகச் சொல்லும் நண்பர்கள் இருக்கிறார்கள்; தவறு. சுபானு வருஷம், மாசி பங்குனி மாதங்கள். அதாவது 1944ஆம் ஆண்டின் முற்பகுதி.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று சென்னை காலியான 1942 சித்திரையில் என்னைப் பூந்தமல்லி டெலிபோன் சோதனை நிலையத்துக்கு அனுப்பினார்கள். பயிற்சி பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று வகையை முதல் நாளே உருப்போட வைத்தார்கள். வானொலி ஒருவழி: அங்கே பேசுவார்கள், இங்கே கேட்போம், நாம் திட்டினாலும் அவர்களுக்குத் தெரியாது. தந்தி முறைவழி: ஒருவர் முடித்த பிறகே மற்றவர் தொடங்கலாம். டெலிபோன் ஒரே நேரத்தில் இருவழி. இதை எல்லோரும் ஒப்பித்தோம். ஒப்பித்ததைத் தேவைப்படும் நேரத்தில் மறந்தோம் என்பதுதான் இந்தக் கட்டுரை.

என் வேலை சோதனை மேசையில். ஒரு பேச்சுக்கு இரண்டு கம்பி; பட்டணத்திலிருந்து அப்படி ஜோடி ஜோடியாக வரும் கம்பிகள் எங்கள் கட்டடத்துக்குள் இறங்கி, மேசையில் ஜோடிக்கு ஒரு துளையாக முடியும். அங்கிருந்து மறுபடி புறப்பட்டுக் கம்பங்கள் மேலேறி, திருமழிசை, குத்தம்பாக்கம், ஸ்ரீபெரும்புதூர் வழியாக ராணிப்பேட்டைக்குப் போகும். ஏதாவது ஒரு துளையில் பிளக்கைச் செருகிக் காதில் வாங்கினால் கம்பிக்கு என்ன நோவு என்று தெரிந்துவிடும். ஈரமரக்கிளை உரசினால் பொரிவது போலிருக்கும். கம்பியைத் தாங்கும் பீங்கான் குமிழ் உடைந்திருந்தால் முனகும். வெளியே லைன்மேன் கம்பத்தில் ஏறி, தோளில் மாட்டிய டெலிபோன் பெட்டியைக் கம்பியில் கொக்கிபோட்டு, “ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?” என்பார். மேசையிலிருப்பவர் “கேக்குது” என்று சொல்லியே ஆகவேண்டும். பதில் வராமல் லைன்மேன் கம்பத்தைவிட்டு இறங்கக் கூடாது. கேட்டுவிட்டுப் பதில் சொல்லாமலும் இருக்கக் கூடாது. எங்கள் மேலதிகாரி ரங்கய்யா நாயுடு வைத்த சட்டம் அது.

நாயுடு மெதுவாகப் பேசுகிறவர். பழுது என்று யார் போய் நின்றாலும் ஏன், எப்படி என்று கேட்கமாட்டார். “இன்னா கேட்ட?” என்பார். சொன்னால், “அது காது சொல்லுதா, மனசு சொல்லுதாப்பா?” என்று அடுத்த கேள்வி. கம்பி செத்துவிட்டது என்ற பேச்சை அவர் முன்னால் பேசக் கூடாது. “ஒண்ணும் கேக்கலன்னு சொல்லு. செத்துதான்னு அப்பறம் பாக்கலாம்.” தானே காதில் வாங்காத எதையும் அவர் மேலே எழுதியனுப்பியதில்லை.

குத்தம்பாக்கம் பகுதியைப் பார்த்துக்கொண்டவர்கள் இருவர். முனுசாமி அதே ஊர்க்காரர். நஞ்சை வைத்திருந்த குடும்பம். மண்ணில் நிற்பதைவிடக் கம்பத்தில் நிற்பது பிடித்துப்போய் வந்தவர். கபூர் பாய் பூந்தமல்லியில் தகரவேலை செய்யும் குடும்பத்தைச் சேர்ந்தவர், எங்கள் எல்லோருக்கும் மூத்தவர். ஈயம் பற்றவைப்பதில் அவர் கை தனி. முனுசாமி மேலே இணைப்புப் போடுவார். கபூர் பாய் கீழே ஊதுவிளக்கை எரியவிட்டு ஈயம் உருக்கிக் கயிற்றில் மேலே அனுப்புவார். இரண்டு கம்பி முனைகளையும் ஒட்டிவைத்து, மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்றி, அதன்மேல் ஈயம் ஓடவிட்டால்தான் இணைப்பு. இருவரும் நாளெல்லாம் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டே வேலை செய்வார்கள் என்று கேள்வி.

1943 ஆவணியில் ஒரு பிற்பகல். எங்கள் தலைக்குமேல் வானம் துடைத்துவிட்டது போலிருந்தது. முனுசாமி கம்பத்திலிருந்து என்னைக் கூப்பிட்டார்.

“ஒண்ணு, ரெண்டு, மூணு, கேக்குதா?”

“கேக்குது” என்றேன்.

“இரு சார், ஈயம் வர்து. இந்த பாய் ஒரு ஆமை...”

அதன்பிறகு என் காதில் விறகு பிளப்பது போல ஒரே ஒரு சத்தம். மேற்கே ராணிப்பேட்டைக்கு அப்பால் எங்கோ இடி இறங்கியிருக்கிறது. அந்த அதிர்வு மேகமே இல்லாத வானத்தின் கீழ் கம்பிவழியே ஓடிவந்து முனுசாமியைக் கம்பத்திலிருந்து தள்ளிவிட்டது. விழுந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது. கபூர் பாய் கையில் உருகிய ஈயம். கயிற்றில் கட்டியாகிவிட்டது, மேலே போகவில்லை.

மறுநாள் வேறு குழு போய்க் கம்பிகளைச் சரிபார்த்தது. முனுசாமி சுற்றிய இணைப்பு இறுக்கமாகவே இருந்ததால் ஈயம் ஓடியிருப்பதாக நினைத்துவிட்டார்கள். கீழேயிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மழைக்காலம் வந்தது, போனது.

மாசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் இரண்டாம் எண் ஜோடியில் புகார் வந்தது. பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் யாரோ பேசுகிறார்களாம். உச்சிவெயிலில் நான் அந்தத் துளையில் பிளக்கைச் செருகினேன். முதலில் வெறும் கம்பியின் இரைச்சல். பிறகு, கிணற்றுக்குள் வெகு ஆழத்திலிருந்து வருவதுபோல, மெலிந்து, சதையில்லாத ஒரு குரல்:

“ஒண்ணு... ரெண்டு... மூணு... கேக்குதா?”

அந்த நேரத்தில் எங்கள் லைன்மேன் எவரும் கம்பத்தில் இல்லை. ராணிப்பேட்டை ஆபரேட்டரை வேறு கம்பியில் கூப்பிட்டு, இரண்டாம் ஜோடியில் அவர் பக்கத்து பிளக்கை உருவச் சொன்னேன். என் பக்கத்தையும் திறந்தேன். இரு முனையும் காற்றில். காதுக்குழாயை மட்டும் தொட்டுவைத்துக் கேட்டேன்.

“கேக்குதா?... கேக்குதா?”

நாயுடுவைக் கூப்பிட்டேன். அவர் காதில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அசையாமல் நின்றார். வெளியே வெயில் தகித்தது. சாலையில் ஒரு மாட்டுவண்டி கூட இல்லை. குழாயைக் கீழே வைத்துவிட்டு, “யாருன்னு சொல்லாத. இன்னா கேட்டன்னு மட்டும் சொல்லு” என்றார். சொன்னேன். “நானும் அதான் கேட்டேன்” என்றார். காதா மனசா என்று அன்று அவர் கேட்கவில்லை.

லைன்மேன்களுக்கு விஷயம் பரவ ஒரு பொழுதுகூட ஆகவில்லை. ஏகாம்பரம் என்று ஒருவர், எதற்கும் கிண்டல்.

“செத்தும் டூட்டி பாக்குறான் பாரு மச்சான். மேலயும் லீவு குடுக்க மாட்டேன்றாங்களாங்காட்டியும்.”

“நீ போய் அந்தக் கம்பத்துல ஏறிப் பாத்துட்டு வாயேன்” என்றேன்.

“நானா? எங்க ஊட்ல எனக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்க சார். உசுரோட கீற மாப்பிள்ளைதான் வோணுமாம்.”

சிரித்தார்களே தவிர யாரும் அந்தப் பகுதிக்குப் போகத் தயாரில்லை. கபூர் பாய் மட்டும் வழக்கம்போலப் போய்வந்தார். அவர் சிரிக்கவில்லை, பயப்படவும் இல்லை. மாலையில் வந்து, “நம்ம பக்கம் கம்பி சுத்தமா கீது தம்பி” என்று சொல்லிவிட்டுப் போவார். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. ஆகவே பழுதை அவர் பகுதியைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் தேடினோம். இரண்டாம் ஜோடியைச் சந்தாதாரர்களுக்குக் கொடுப்பதை நிறுத்திவைத்தோம். உச்சிப்பொழுதில் நான் அதைத் திறந்து கேட்பேன். ஒவ்வொரு நாளும் அந்தக் குரல் இருக்கும். சட்டப்படி நான் பதில் சொல்லியிருக்க வேண்டும். இரு முனையும் திறந்திருக்கும் கம்பிக்குள் “கேக்குது” என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பங்குனியில் ஆவடி ராணுவ முகாமிலிருந்து ஒரு ஜீப் வந்தது. அதில் வந்தவர் நாயுடுவுடன் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டுப் போனார். நாயுடு என்னை உள்ளே அழைத்தபோது அவர் முகம் வெளுத்திருந்தது.

எங்கள் கருவி அறையில் ராணுவத்தார் கொண்டுவந்து மாட்டிய ஓர் அரக்குமுத்திரைப் பெட்டி இருந்தது. கம்பிகள் அதற்குள் நுழைந்து வெளிவந்த பிறகுதான் என் மேசைக்கு வரும். உள்ளே என்ன என்று நாங்கள் கேட்டதில்லை. அன்றுதான் நாயுடு சொன்னார்.

“ரெண்டு ஜோடி கம்பில ரெண்டு பேச்சு போவுது இல்ல? மொத ஜோடி மொத்தத்தையும் ஒரே கம்பியா வெச்சுக்கோ. ரெண்டாவது ஜோடிய இன்னொரு கம்பியா வெச்சுக்கோ. மூணாவதா ஒரு பேச்சு அனுப்பலாம். அதுக்குன்னு தனிக் கம்பி கெடையாது. ஜோடியில ரெண்டு கம்பியும் அதைச் சரிபாதியா சொமக்குற வரைக்கும் அந்த ஜோடியில பேசுறவனுக்கு அது கேக்காது. ஒரு கம்பி சொணங்குச்சுன்னா கசியும்.”

அந்த மூன்றாவது வழி தை மாதத்திலிருந்து ராணிப்பேட்டைக்கும் ஆவடி முகாமுக்கும் ரகசியமாக ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ராணிப்பேட்டையிலும் அதேபோல ஒரு பெட்டி. இரு முனையிலும் நாங்கள் திறந்தது பெட்டிக்கு இந்தப் பக்கத்தை. அந்தப் பக்கம் கம்பி வேலை செய்துகொண்டேதான் இருந்தது. அதற்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயருக்கும் பேய் என்றே பொருள் என்பதைப் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். நாயுடு அன்று அந்தப் பெயரைச் சொல்லவில்லை.

ராணிப்பேட்டையில் தேவராஜ் என்றொரு சோதனைக்காரர், காவலுக்கு நடுவே தனியறையில் இருந்துகொண்டு, உச்சிவேளையில் முகாமைக் கூப்பிட்டு வழியைச் சோதிப்பாராம். முகாமில் ஆள் வரும்வரை “கேக்குதா” என்று கேட்டுக்கொண்டேயிருப்பாராம். நான் கேட்டது அவரை. எனக்கு மூச்சு வந்தது. ஆனால் நாயுடு இன்னும் முடிக்கவில்லை.

“அவரு எழுதிக் குடுத்துட்டாரு. முகாம் பேசறதுக்கு முந்தி வேற யாரோ பதில் சொல்றாங்களாம். ‘கேக்குதுடா முனுசாமி’ன்னு. அந்த மனுஷன் காய்ச்சல்ல விழுந்துட்டாரு. வேலைய உடறேன்றாரு. முகாம்ல பேய் கீயின்னு ஒத்துக்குவாங்களா? எவனோ கம்பியில கொக்கி போட்டு ஒட்டுக்கேக்குறான்னு சொல்றாங்க. ஆள் கெடச்சா ராணுவ விசாரணைதான்.”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கசிவை நாங்கள் எல்லோரும் வானொலி போல நினைத்துக்கொண்டிருந்தோம்: அது பேசும், நாம் கேட்போம். டெலிபோன் இருவழி. அங்கிருந்து இங்கே கசிந்தால் இங்கிருந்து அங்கேயும் கசியும். எங்கள் கம்பியில் யாரோ உட்கார்ந்து பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கம்பியில் கொக்கி போடத் தெரிந்தவர். அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவர். ‘டா’ போட்டு.

நானும் நாயுடுவும் சைக்கிளில் புறப்பட்டோம். குத்தம்பாக்கத்தைத் தாண்டியதும் அறுவடை முடிந்த வயல்கள், ஏரிக்கரையில் பனைகள், ஆளில்லை, மாடில்லை, காகம்கூட இல்லை. நிழல்கள் கம்பங்களின் காலடியில் சுருண்டு கிடந்தன. காற்று அசையாமலிருந்தும் கம்பிகள் மட்டும் ரீங்கரித்தன. கபூர் பாய் அந்தக் கம்பத்தில் சாய்ந்து, கண்ணை மூடி, காதில் டெலிபோனை வைத்திருந்தார். பெட்டியிலிருந்து இரண்டு ஒயர்கள் ஒரு மூங்கில்கழியின் முனைக் கொக்கியோடு மேலே இரண்டாம் ஜோடிக்குப் போயின. உதட்டில் சிரிப்பு.

“கேக்குதுடா” என்றார். “சொல்லிகினே இரு. நான் எங்கயும் போவல.”

நாயுடு செருமினார். பாய் கண்ணைத் திறந்தார், எழுந்திருக்கவில்லை.

“வந்துட்டீங்களா சார்.”

“எவ்ளோ நாளா பாய்?”

“மாசி பொறந்ததுலேர்ந்து. கம்பி பாக்க வந்தேன், கொக்கி போட்டேன், கூப்டான். உச்சி வெயில்ல கம்பி தளருது இல்ல, அப்போதான் வரான். தம்பி மேசையில பிளக்கு போட்டா கம்பியில ஒரு சத்தம் வரும். அது வந்தா வாய மூடிக்குவேன்.”

“இணைப்பு?”

“ஏறிப் பாக்கவே வேணாம். ஈயம் இல்ல. அன்னிக்கு நான் மேல அனுப்பல, எப்படி இருக்கும்? பத்தவெச்சா இவன் பேச்சு நின்னுபூடும்னு தெரியும் சார். தெரிஞ்சுதான் உட்டேன்.”

நான் தேவராஜைப் பற்றிச் சொன்னேன். உயிரோடிருக்கும் மனிதர், ராணிப்பேட்டை, மனைவி மக்கள் உண்டு, காய்ச்சலில் கிடக்கிறார் என்று. பாய் கேட்டுக்கொண்டிருந்தார்.

“நீ படிச்சவன் தம்பி. கரீட்டாதான் சொல்லுவ. ஆனா அவன் கூப்டுறான், நான் பதில் சொல்லாம எறங்கி வரக்கூடாதுன்னு இந்த சார்தானே சட்டம் போட்டாரு?”

நாயுடு வெயிலில் நின்றுகொண்டிருந்தார். ஜீப்பில் வந்தவரிடம் ஒரு பெயரைக் கொடுத்தால் அவர் பொறுப்பு முடிந்தது. பாய்க்கு எது காத்திருக்கிறது என்று மூவருக்கும் தெரியும். நாயுடு பாயிடம், “ஈயம் வெச்சிருக்கீங்களா?” என்றார்.

“அன்னிக்கு உருக்குனதேதான் சார். பையிலதான் கீது.”

“யார் ஏறுறது?”

பாய் மேலே பார்த்தார். வயதானவர், கம்பம் ஏறுவதை விட்டு வருஷங்கள் ஆகியிருந்தன. டெலிபோனை என் கையில் கொடுத்துவிட்டு இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டார். நாயுடு ஊதுவிளக்கைப் பற்றவைத்தார். நான் குழாயைக் காதில் வைத்தேன். பட்டப்பகலில், சுடும் மண்ணில் நின்றுகொண்டு கேட்டேன்: “ஒண்ணு... ரெண்டு...” மேலே பாய் சுற்றுக்கம்பியைத் துடைத்து, தடவிப் பார்த்து, கயிற்றை இழுத்தார். ஈயம் மேலே போயிற்று. “மூணு... கேக்கு...” என்பதோடு குரல் நின்றது. தேய்ந்து மறையவில்லை. யாரோ வாயைப் பொத்தியது போல நின்றது.

மேலேயிருந்து பாய் கேட்டார்: “இருக்கானா?”

“ஒண்ணும் கேக்கல பாய்” என்றேன்.

குத்தம்பாக்கம் பகுதியில் ஈயம் ஓடாத ஓர் இணைப்பு, அதன் வழியே இருதிசையிலும் கசிவு, லைன்மேன் ‘கேக்குது’ என்று பதில் சொன்னது முகாம் வழியில் கேட்டிருக்கிறது, சரிசெய்யப்பட்டது. நாயுடு மேலே எழுதியனுப்பியது அவ்வளவுதான். அதில் பொய்யான வாக்கியம் ஒன்றுகூட இல்லை. ராணுவத்தார் ஏற்றுக்கொண்டார்கள்.

தேவராஜ் காய்ச்சல் தணிந்து வேலைக்கு வந்ததும் நாயுடு ஒரு காரியம் செய்தார். “ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் பேயின்னு நெனச்சுகினு இருக்காங்க. பேசிடட்டும்” என்று சொல்லி, சாதாரண வழியில் ராணிப்பேட்டையைக் கூப்பிட்டு, கபூர் பாயை என் மேசைமுன் உட்காரவைத்தார். இணைப்பைக் கவனிக்க நான் காதில் மாட்டியிருந்தேன்.

“பாய்ங்களா? நான்தாங்க தேவராஜு. கேக்குதுங்களா?”

தெளிவான, கனத்த குரல். கசிவில் வந்தபோது அதன் அடித்தொண்டை முழுவதும் வழியிலேயே தங்கி, மேல்நுனி மட்டும் எங்களுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. பாய் குழாயைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இது அவன் கொரலே இல்ல தம்பி.”

“இல்ல பாய்.”

ஆவணியில் அவர் அழுததாக யாரும் சொன்னதில்லை. இப்போது கண் நிறைந்துவிட்டது. கையை எடுத்துவிட்டு, “கேக்குதுங்க” என்றார்.

“மன்னிச்சிக்கணும் பாய். நான் பயந்துகிட்டு என்னென்னவோ எழுதிக் குடுத்துட்டேன். நீங்கதான்னு தெரிஞ்சிருந்தா எழுதியிருக்க மாட்டேன்.”

“பரவால்லீங்க. நானும் உங்கள ரொம்ப ஏசிட்டேன்.”

தேவராஜ் சிரித்தார். பாயும் சிரிக்கப் பார்த்தார். பிறகு தேவராஜ் கேட்டார்:

“ஒரு விஷயம் பாய். நீங்க பேசி முடிச்சதும் பக்கத்துல ஒருத்தரு சிரிப்பாரே. உங்கள ஆமை, ஆமைன்னு கேலி பண்ணிக்கிட்டு. அவரு நல்லா இருக்காருங்களா?”

முகாம் முனையில் வேறு யாராவது இருந்திருக்கலாம். இன்னொரு ஜோடியின் பேச்சும் கசிந்திருக்கலாம். இத்தனை ஆண்டுகளில் இன்னும் இரண்டு மூன்று காரணங்கள் எனக்குத் தோன்றியிருக்கின்றன. அன்று அந்த மேசையில் ஒன்றுகூடத் தோன்றவில்லை. நான் நாயுடுவைப் பார்த்தேன். அவருக்கு மறுமுனைப் பேச்சு கேட்கவில்லை. பாய் என்னைப் பார்க்கவேயில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நல்லா கீறான்” என்றார்.

“நான் விசாரிச்சேன்னு சொல்லுங்க பாய்.”

“சொல்றேங்க.”